குரலும் நூலும்: டென்மார்க், ஸ்வீடன் நாடுகளின் முதியோர் கல்வி



முதியோர் கல்வி என்றவுடன் இரவுப் பள்ளியும் அரிச்சுவடியும், கைநாட்டு வைத்தவர் கையெழுத்திடக் கற்கும் காட்சியுமே மனத்தில் எழுகின்றன. எழுத்தறிந்தோர்க்கும் வாழ்நாளெல்லாம் கல்வி வேண்டும் என எண்ணிய நாடுகள் இரண்டு உண்டு. குறுகிய நீரிணை ஒன்றே இடையில் கிடக்க, டென்மார்க்கும் ஸ்வீடனும் அக்கல்வியை இருவேறு வழிகளில் வளர்த்தன.

டென்மார்க்கில் அதற்கு வித்திட்டவர் ஒரு கவிஞர். ஏறத்தாழ 1,500 சமயப் பாடல்களை இயற்றிய குருண்ட்விக் (1783–1872), அந்நாளைய இலத்தீன் பள்ளிகள் உயிரற்ற சொற்களையே ஊட்டுவதாகக் கண்டித்தார். தாய்மொழியில், வாய்ச்சொல்லின் வழியே, தேர்வில்லாத கல்வி வேண்டுமென்றார். 1844இல் ரோடிங் என்னும் சிற்றூரில் முதல் மக்கள் உயர்பள்ளி தோன்றியது. அவ்வூர் அமைந்த ஷிலெஸ்விக் பகுதியில் டேனிய மொழி ஜெர்மன் மொழியோடு போராடிக்கொண்டிருந்தது. 1864ஆம் ஆண்டுப் போரில் அப்பகுதி பறிபோகவே, ஆசிரியர்கள் புதிய எல்லைக்கு வடக்கே அஸ்கோவில் 1865இல் பள்ளியைத் தொடர்ந்தனர். மண்ணை இழந்த மக்கள் மொழியை இழக்க இசையவில்லை. உழவர் வீட்டு இளைஞர் குளிர்கால ஓய்வில் அங்கே தங்கி, வரலாறு கேட்டனர், சேர்ந்து பாடினர். 1894இல் வெளிவந்த உயர்பள்ளிப் பாடல் நூல் 2020இல் 19ஆம் பதிப்பைக் கண்டது.

ஸ்வீடனில் தொடக்கம் வேறு. 1862இல் உள்ளாட்சிச் சீர்திருத்தமும் 1866இல் நாடாளுமன்றச் சீர்திருத்தமும் வந்தபின், உழவர் பொதுப்பணி ஏற்க வேண்டியவராயினர். ஆகவே 1868இல் எழுந்த முதல் மூன்று உயர்பள்ளிகள் கணக்கும் நிலஅளவையும் போன்ற நடைமுறை அறிவுக்கு இடமளித்தன. 1902இல் லுண்ட் நகரில், மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த ஆஸ்கர் ஓல்சன் படிப்பு வட்டத்தைத் தொடங்கினார். தனித்தனியே நூல் வாங்க இயலாதோர் கூட்டாக வாங்கிப் படித்தனர், கூடி விவாதித்தனர், படித்த நூல்கள் நூலகமாயின. நடத்துபவர் ஆசிரியராயிருத்தல் வேண்டுவதில்லை. 1912இல் தொழிலாளர் கல்விக் கழகம் தோன்றி, வட்டங்களை நாடெங்கும் பரப்பியது.

ஒப்புநோக்கின், டென்மார்க் குரலை நம்பியது. ஸ்வீடன் நூலை நம்பியது. குரல் உள்ளத்தை எழுப்பும். எனினும் பேசுவோர் ஒருவர், கேட்போர் பலர். வட்டத்தில் அனைவரும் பேசலாம்; எனினும் வழிகாட்டும் அறிவு குன்றினால் அது வெற்று அரட்டையாகிவிடும். டேனியப் பள்ளி சான்றிதழை மறுத்து உரிமையைக் காத்தது. ஸ்வீடனின் உயர்பள்ளிகளோ, பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்க்குப் பல்கலைக்கழகம் புகும் தகுதியையும் தந்து இரண்டாம் வாய்ப்பளித்தன. ஏழைக்கு அச்சான்றிதழ் சிறிதன்று.

இரு நாடுகளிலும் மக்கள் முன்சென்றனர். அரசு பொருளுதவியோடு பின்வந்தது. அவ்வுதவியே பின்னர்ப் பிடிமானமாகிவிட்டது. 2024 முதல் ஸ்வீடன் அரசு படிப்புக் கழகங்களுக்கான மானியத்தைக் குறைத்தபோது பல வட்டங்களின் வாழ்வே கேள்விக்குள்ளாயிற்று.

பத்தாண்டு கடந்த இலக்கிய வட்டம் ஒன்று இவ்வரலாற்றில் தன் முகத்தைக் காணலாம். கவிஞர் குரல் தருகின்றனர். நூல்கள் அலமாரியில் உள்ளன. ஆனால் கூட்டத்தின் கடைசி வரிசையில் பத்தாண்டாக வாய்திறவாது அமர்ந்திருப்பவர் எத்தனை பேர்? திங்கள்தோறும் ஒரு நூலைச் சேர்ந்து படித்து, முதற்சொல்லை அவர்க்குத் தருதல் கூடும். அவர் பேசும் நாளே வட்டம் தன் பெயருக்கு உரியதாகும்.