தாத்தாவின் செருப்பு



சென்ற டிசம்பரில் கேரல் பவனி எங்கள் வீட்டுக்கு வந்தது. சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாய்க் கிறிஸ்மஸ் தாத்தா ஆடினார், மிட்டாய் கொடுத்தார். எட்டு வயதான எங்கள் மகன் மட்டும் ஆடவில்லை. அவருடைய காலையே பார்த்துக்கொண்டு நின்றான். வார் அறுந்து தைத்த அந்தச் செருப்பு அவன் சித்தப்பாவுடையது!

இரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் கேட்டான்: "தாத்தா பொய்தானே? அப்போ இயேசப்பாவும் நீங்க சொன்ன கதைதானா?"

நாங்கள் திகைத்துப்போனோம். விளையாட்டாய்ச் சொன்னது விசுவாசத்தையே தொட்டுவிட்டதே! மழுப்பாமல் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "தாத்தா வேஷம்தான். அவரிடம் நாங்கள் ஒருநாளும் ஜெபித்ததில்லை. இயேசப்பாவிடம் நீ தூங்கின பிறகும் ஜெபிக்கிறோம்" என்றோம்.

வேஷத்துக்குப் பின்னால் இருந்த மெய்யான மனிதரைப் பற்றியும் சொன்னோம். இன்றைய துருக்கியிலுள்ள மீரா பட்டணத்தில் 4ஆம் நூற்றாண்டில் பேராயராயிருந்தவர் நிக்கோலாஸ். வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டில் இரவோடிரவாய்ப் பொன்முடிப்புகளைப் போட்டுவிட்டுப் போனாராம். திருச்சபை மரபு அப்படிச் சொல்கிறது. டிசம்பர் 6 அவருடைய நினைவு நாள். அந்தரங்கத்தில் கொடுக்க ஆண்டவர் கற்பித்ததை அவர் செய்தார்.

மறுநாள் மகன் தன் உண்டியலைக் கொண்டுவந்தான். "ஆஸ்பத்திரியில இருக்கிற பிள்ளைகளுக்கு. யார் தந்ததுன்னு சொல்லாதீங்க."

அன்பான பெற்றோரே, உங்கள் பிள்ளை கேட்கும் நாளில் உண்மையைச் சொல்லுங்கள். விசுவாசம் அதனால் குறைந்துபோகாது.

கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.