பள்ளிக்கூடக் கூட்டத்தில் நம்முடைய நாற்காலி

(கண்டிப் பிரதேசத் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள், பெற்றோர் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் நிறுவையைப் பற்றியும் இந்த மேடையில் நிறையப் பேசியிருக்கிறோம். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று யாராவது நினைத்தால், முதலில் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் படிக்கும் உயர்தரப் பாடசாலையை நடத்துவதில் நமக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. அந்த நாற்காலி பல இடங்களில் காலியாகக் கிடக்கிறது. நாம் சொல்ல வந்தது அதைத்தான்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொன்னது. 6 வயதிலிருந்து 10 வயது வரைதான் கணக்கு. பல தோட்டங்களில் அது ஒரே ஓர் அறை, ஒரே ஓர் ஆசிரியர். எழுத்துக் கூட்டவும் கணக்குப் போடவும் தெரிந்தால் போதும், அதற்கு மேல் படித்தால் மலைக்கு ஆள் குறைந்துவிடும் என்பது அன்றைய துரைமாரின் எண்ணம். 1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. கன்னங்கராவின் காலத்தில் நாடெங்கும் மத்திய பாடசாலைகள் எழுந்தன. ஆனால் நம்முடைய பள்ளிக்கூடங்கள் தோட்டத்தின் கையிலேயே இருந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமையும் போனது. வாக்கு இல்லாதவனின் பள்ளிக்கூடத்தை யார் கவனிப்பார்கள்? 1970களில்தான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. நாட்டில் மற்றவர்கள் நடக்கத் தொடங்கி ஒரு தலைமுறைக்குப் பிறகே நாம் புறப்பட்டோம்.

அந்த இருட்டுக் காலத்திலும் சும்மா இராதவர்கள் இருந்தார்கள். கண்டியிலிருந்து கம்பளை வழியாக நுவரெலியாவுக்குப் போகும் பாதையில் புசல்லாவை இருக்கிறது. அங்கே சரஸ்வதி வித்தியாலயம் என்றால் யாருக்கும் தெரியும். அதை நிறுவியவர் கே. இராஜலிங்கம். இலங்கை இந்தியன் காங்கிரஸின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நாவலப்பிட்டித் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அந்தத் தேர்தலில் காங்கிரஸுக்குக் கிடைத்த ஏழு ஆசனங்களில் அவருடையதும் ஒன்று. தலவாக்கலையில் வென்ற சி.வி. வேலுப்பிள்ளையும் ஆசிரியராக இருந்தவர்தான். சங்கம் வேறு, பள்ளிக்கூடம் வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. தொழிலாளிக்கு உரிமை வாங்கிக் கொடுக்க வேண்டுமானால் அவனுடைய பிள்ளைக்குப் படிப்பு வேண்டும் என்று கண்டார்கள்.

பிறகு 1960களில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியைப் பாருங்கள். இர. சிவலிங்கம் அங்கே ஆசிரியராகவும் பின்பு அதிபராகவும் இருந்தவர். வகுப்பில் பாடம் நடத்தியதோடு அவர் நிற்கவில்லை. மலையக இளைஞர்களை ஒன்று சேர்ப்பதிலும் முன்னுக்கு நின்றார். லயத்திலிருந்து வந்த பிள்ளை, ‘நான் மலையகத்தான்’ என்று தலை நிமிர்ந்து சொல்லப் பழகிய காலம் அது. அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள், எழுத்தாளர்களானார்கள், ஆசிரியர்களாகத் திரும்பி வந்தார்கள்.

இந்த இரண்டு இடங்களிலும் ஒரு விஷயம் பொதுவாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் தலைமை அதிபரின் காரியாலயத்துக்குள் மட்டும் இருக்கவில்லை. ஊரும் தோட்டமும் அதன் பக்கத்தில் நின்றன.

இன்றைக்கு நம் நிலைமை என்ன? கண்டிப் பக்கத்துத் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டை, ரங்கலை, மடுல்கலை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை தோட்டமும் இந்த மலைகளில்தான் இருக்கிறது. தேயிலை தொடங்கிய இடம் இது. ஆனால் நுவரெலியாவைப் போல நாம் ஒரே கூட்டமாக இல்லை. அங்கே ஒரு மலை, இங்கே ஒரு மலை என்று சிதறிக் கிடக்கிறோம். அதனால் தமிழில் உயர்தரம் படிக்க, அதுவும் விஞ்ஞானமும் கணிதமும் படிக்க, பிள்ளை தூரத்துக்குப் போக வேண்டும். விடியற்காலையில் லயத்தை விட்டு இறங்கி, பஸ் ஏறி, ஆரம்ப மணிக்குப் போய்ச் சேர வேண்டும். பஸ் பிந்தினால் பிள்ளை வாசலில் நிற்கும்.

இன்னொன்றையும் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கும்போது கலைப் பிரிவைத் தவிர்த்த பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்டப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிக்கிறார்கள். பின்தங்கிய மாவட்டங்கள் 16. அதில் நுவரெலியா உண்டு, பதுளை உண்டு, இரத்தினபுரி உண்டு. கண்டி இல்லை. ஏன் இல்லை? கண்டி நகரத்தில் நாட்டின் பெரிய பெரிய கல்லூரிகள் இருக்கின்றன. அந்தக் கல்லூரிகளின் பெறுபேறும் ரங்கலை மலையிலிருந்து வரும் பிள்ளையின் பெறுபேறும் ஒரே மாவட்டக் கணக்கில்தான் விழுகின்றன. நகரத்துப் பிள்ளைக்குப் பிரத்தியேக வகுப்பு இருக்கிறது, வீட்டில் மேசை இருக்கிறது, நூலகம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. நம் பிள்ளை 10க்கு 12 அடிக் காம்பராவில், தம்பி தங்கச்சி தூங்கிய பிறகு புத்தகம் திறக்கிறது. ஆனால் வெட்டுப்புள்ளி இருவருக்கும் ஒன்றுதான். இது நியாயமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சங்கம் அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கட்டும். ஆனால் அது மாறும் வரைக்கும், கண்டி மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைக்கு நல்ல பாடசாலை ஒன்றைத் தவிர வேறு ஏணி இல்லை.

கலஹாவுக்குப் போகும் பஸ் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு நடுவாலே ஓடுகிறது. கண்டிக்குப் போகும்போதெல்லாம் நம் ஜனங்கள் அந்தக் கட்டடங்களையும் மரங்களையும் ஜன்னலால் பார்த்துக்கொண்டு போகிறார்கள். எத்தனை பேர், ‘இந்த இடத்தில் இறங்க நம் பிள்ளைக்கும் உரிமை இருக்கிறது’ என்று நினைத்திருப்போம்?

இங்கேதான் எதிர்பார்ப்பு என்ற விஷயம் வருகிறது. பாடசாலை வாசலில் பெற்றோர் ஆசிரியர்களிடம் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. “சேர், எங்க புள்ள எப்படியாவது ஓ.எல். பாஸாகிட்டா போதும். பொறகு கொழும்புல ஒரு கடையில சேத்துருவோம்.” இதைச் சொல்பவர்கள் பிள்ளை மேல் பாசம் இல்லாதவர்கள் அல்ல. கடன் இருக்கிறது, அரிசி விலை இருக்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளையின் காதில் ‘போதும்’ என்ற சொல் விழுந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? கணிதம் கஷ்டமாகும் அன்றைக்குப் பிள்ளையும் ‘போதும்’ என்று சொல்லிவிடும். கணிதத்தில் சித்தி இல்லாமல் போனால் உயர்தரக் கதவு பலருக்கு அங்கேயே மூடிவிடுகிறது.

நியாயமாகப் பேச வேண்டும். ஆசிரியர்களாகிய எங்கள் பக்கத்திலும் இது உண்டு. ‘தோட்டத்துப் பிள்ளைகள்தானே, இவ்வளவுதான் வரும்’ என்ற பேச்சு சில ஆசிரியர் அறைகளில் இன்னும் கேட்கிறது. பெற்றோர் கொஞ்சமாக எதிர்பார்த்தால் ஆசிரியர் அதைவிடக் கொஞ்சமாக எதிர்பார்ப்பார். இரண்டு பேரையும் பார்த்துப் பிள்ளை தன்னிடமிருந்து ஒன்றுமே எதிர்பார்க்காது. எனவே எதிர்பார்ப்பை உயர்த்துவது பெற்றோரிடமிருந்து தொடங்க வேண்டும். ‘வீட்டுப் பாடம் செஞ்சியா?’ என்று கேட்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. கொப்பியைத் திறந்து காட்டச் சொன்னாலே போதும், தன் படிப்பை யாரோ கவனிக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

மாணவர் தலைமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாணவர் தலைவர் சின்னம் குத்திக்கொண்டு வரிசையை ஒழுங்கு பண்ணுவதுதான் தலைமை என்று பலர் நினைக்கிறார்கள். கண்டி திரித்துவக் கல்லூரியில் 1904 முதல் 1924 வரை அதிபராக இருந்தவர் ஏ.ஜி. பிரேசர் என்ற பாதிரியார். ஆங்கிலமே பெருமை என்றிருந்த காலத்தில், பிள்ளைகள் தாய்மொழியைப் படிக்க வேண்டும் என்று நின்றவர். வசதியான வீட்டுப் பிள்ளைகளைக் கண்டி நகரத்து ஏழைகளுக்கான சமூக சேவையிலும் ஈடுபடுத்தினார். தலைவன் என்பவன் மற்றவர்களுக்கு வேலை செய்பவன் என்று காட்டவே அப்படிச் செய்தார். பிறகு அவர் ஆபிரிக்காவில், இன்றைய கானாவில், அச்சிமோட்டா கல்லூரியின் முதல் அதிபராகப் போனார். அது பணக்காரப் பள்ளிக்கூடம், நமக்கு அதன் கட்டடங்களும் இல்லை, காசும் இல்லை. ஆனால் அந்தப் பாடத்துக்குக் காசு தேவையில்லை. தம்பி தங்கச்சியைத் தூக்கி வளர்த்து, தண்ணீர் சுமந்து, அம்மா மலைக்குப் போன பிறகு சோறாக்கி வைத்துவிட்டு வரும் நம் பெண் பிள்ளைகளிடம் அந்தத் தலைமை ஏற்கனவே இருக்கிறது. பஸ் பிந்துகிறது என்பதற்காக அந்தப் பிள்ளையின் பெயரை மாணவர் தலைவர் பட்டியலிலிருந்து விட்டுவிடக் கூடாது என்று பாடசாலையிடம் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

எங்கே கேட்பது? அதற்குத்தான் அந்த நாற்காலி. ஒவ்வொரு அரசாங்கப் பாடசாலையிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. அதிபர் அதன் தலைவர். ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும் அதில் இடம் உண்டு. சேர்க்கும் பணம் எதற்குச் செலவாகிறது, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, வலயக் கல்விப் பணிமனைக்கு எதைக் கேட்டு எழுதுவது என்றெல்லாம் பேசும் இடம் அதுதான். அந்தக் கூட்டம் பெரும்பாலும் வேலை நாளில், காலை நேரத்தில் நடக்கிறது. கடை வைத்திருப்பவர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருவார். கொழுந்து எடுக்கும் அம்மா வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும். வரவோடு சேர்ந்த கொடுப்பனவு இருந்தால் அதுவும் அடிபடும். அதனால் நம்மவர்கள் வருவதில்லை. பிறகு, ‘தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று சொல்கிறார்கள். அக்கறை இல்லாமல் இல்லை தோழர்களே, பேர் இல்லாமல் போகிறது என்பதுதான் உண்மை. இது சம்பளப் பிரச்சினை. எனவே இது சங்கப் பிரச்சினை.

இனி என்ன செய்யலாம் என்று சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் பாடசாலைக்கென்று இரண்டு பேரைத் தெரிவு செய்யட்டும். அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். அபிவிருத்திச் சங்கக் கூட்டம் எங்கே, எப்போது நடந்தாலும் அவர்கள் போக வேண்டும். அந்த இரண்டு பேரின் அன்றைய பேரை என்ன செய்வது என்று கமிட்டி நிர்வாகத்தோடு பேசட்டும். முடியாவிட்டால் எல்லோருமாகச் சேர்ந்து அந்த நாள் கூலியை ஈடு செய்வோம். கோயில் திருவிழாவுக்கு வரி போடுகிற நமக்கு இது பெரிய காசு அல்ல.

இரண்டாவது, கூட்டத்தை மாலை 4 மணிக்குப் பிறகோ தோட்டத்தில் வேலை இல்லாத நாளிலோ வைக்கும்படி அதிபருக்கு எழுத்தில் கேட்போம். வாயால் கேட்டால் மறந்துவிடும்.

மூன்றாவது, அங்கே போய் மூன்று கேள்வி கேட்போம். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா? இந்தத் தவணையில் எந்தப் பிள்ளைகள் இடைவிலகினார்கள், ஏன்? சாதாரண தரம் சித்தியடைந்தும் உயர்தரத்துக்கு வராத பிள்ளைகள் யார்? சட்டப்படி 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும். இடைவிலகிய பிள்ளையின் லயம் எதுவென்று நமக்குத்தான் தெரியும். அதிபருக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூட்டி வரக்கூடியவர்களும் நாம்தான்.

நான்காவது, ஒவ்வொரு தோட்டத்திலும் மாலையில் இரண்டு மணித்தியாலம் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டும். வாசிகசாலை, கோயில் மண்டபம், பிள்ளைக்காம்பரா, எதுவானாலும் சரி. ஒரு பல்பும் இரண்டு வாங்கும் இருந்தால் தொடங்கலாம். உயர்தரம் படிக்கும் அண்ணன்மார் அக்காமார் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கியை நிறுத்துவதையும் கமிட்டி பார்த்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக் கொழுந்துக்குப் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதையும் நிறுத்துவோம்.

2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் இங்கே வந்து 200 வருஷம் என்று நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். நம் பாட்டன் பூட்டன் காட்டுப் பாதையில் விழுந்து விழுந்து நடந்த வழி அது. அவர்கள் நடந்ததை நாம் மறக்கவில்லை. நம் பிள்ளைகள் நடக்க வேண்டிய தூரம் அவ்வளவு இல்லை. லயத்திலிருந்து பஸ் தரிப்பிடம் வரைக்கும், அங்கிருந்து பாடசாலை வரைக்கும்தான். அவர்கள் போய்ச் சேரும் பாடசாலையில் நம்முடைய ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த தவணைக் கூட்டத்துக்கு உங்கள் தோட்டத்திலிருந்து யார் போகிறார்கள் என்ற இரண்டு பெயரை, இன்று கலைந்து போவதற்கு முன்னால் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.