கரையில் நமது பங்கு

திருச்சிற்றம்பலம்



பொதிகை மலையிற் பிறந்த பொருநை நதி, காட்டையும் பாறையையும் கடந்து சமவெளியில் அடிவைக்கும் இடம் பாபநாசம். உலகம்மை உடனாய பாபவிநாசப் பெருமான் இங்கே எழுந்தருளியிருக்கின்றார். நவகைலாயத் தலங்களுள் இதுவே முதலாவது. அகத்திய முனிவருக்கு இறைவன் திருமணக் கோலம் காட்டியருளியதைச் சித்திரை விசுத் திருவிழா ஆண்டுதோறும் நமக்கு நினைவூட்டுகின்றது. இத்தகைய தலத்தில் நின்று ஊர்ப்பொதுக் கடமையைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். அக்கடமை இக்கோயிற் படித்துறையிலேயே தொடங்குகின்றது. ஆதலின் இங்கே பேசுதல்தான் தகும்.

முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்றவும், பரிகாரம் செய்யவும் பல ஊர்களிலிருந்து அன்பர்கள் இத்துறைக்கு வருகின்றார்கள். நீராடியபின், உடுத்த ஆடையை ஆற்றிலேயே விட்டுவிட்டால் பாவமும் அதனோடு போய்விடும் என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கின்றது. அத்துணிகள் எங்கே போகின்றன? பாறை இடுக்குகளிலும் படிகளின் அடியிலும் சிக்கிக்கொண்டு, பின்னே நீராட வருவோரின் கால்களைச் சுற்றுகின்றன. தொண்டுள்ளம் உடையோர் நீரில் இறங்கி அவற்றை மூட்டை மூட்டையாகக் கரையேற்றுகின்றார்கள். அள்ள அள்ள மீண்டும் சேர்கின்றது.

துணியோடு வினை போகுமா? நம் சித்தாந்தம் வினையை மூவகையாகப் பிரித்துக் கூறும். பல பிறவிகளில் ஈட்டி வைத்தது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம். நுகரும்போதே புதிதாக ஈட்டிக்கொள்வது ஆகாமியம். சிவஞான போதத்துக்கு மாபாடியம் வகுத்த சிவஞான முனிவர் அவதரித்த விக்கிரமசிங்கபுரம் இக்கோயிலுக்கு அணித்தே உள்ளது. அம்மண்ணில் நின்றுகொண்டு வினையை ஆடைபோற் கழற்றி எறியலாம் என்று கருதினால், முனிவருடைய ஊரிலேயே அவருடைய நூலை மறந்தவர்கள் ஆவோம். பிறர் பருகும் நீரை மாசுபடுத்துவதும் வினையே அன்றோ? பழவினை தீர வந்த துறையில் புதிய ஆகாமியத்தை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவது எத்துணைப் பேதைமை!

இந்நீர் இங்கேயே நின்றுவிடுவதில்லை. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்னும் 8 அணைக்கட்டுகளின் வழியே வயல்களுக்குப் பாய்ந்து, எஞ்சியது புன்னைக்காயலில் கடலைச் சேர்கின்றது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் மட்டுமன்றி விருதுநகர் மாவட்டத்தின் சில ஊர்களிலும் இதுவே குடிநீர். நாம் நீராடும் நீரைத்தான் கீழே ஒரு தாய் தன் குழந்தைக்குப் புகட்டுகின்றாள்.

ஊர்களின் கழிவுநீர் ஆற்றிற் கலப்பது துணியினும் பெரிய கேடு. அதனைத் தடுத்தல் அரசுக்கும் உள்ளாட்சிக்கும் உரிய கடமை. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் இது பற்றிய வழக்குகளில் ஆணைகள் பிறப்பித்திருக்கின்றது. ஆயினும், ‘வரி செலுத்திவிட்டோம், மற்றவை அரசின் பாடு’ என்று நாம் ஒதுங்கிவிடலாமா? இவ்வினாவுக்கு விடை திருவிளையாடலில் இருக்கின்றது.

வையை பெருக்கெடுத்துக் கரையை உடைத்தபோது, மதுரையில் உள்ள குடிகள் யாவரும் கரையில் தத்தம் பங்கை அடைக்க வேண்டும் எனப் பாண்டியன் ஆணையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு அளந்துவிடப்பட்டது. அவளுக்கு மண் சுமக்க உடலில் வலிவில்லை. உதவ ஒரு மகனும் இல்லை. அந்நிலையிலும், ‘எனக்கு விலக்குத் தாருங்கள்’ என்று அவள் கேட்கவில்லை. தன் பங்கு அடைபட வேண்டுமே என்றுதான் கலங்கினாள். அக்கலக்கத்தைக் கண்டே சொக்கநாதப் பெருமான் தலையில் சும்மாடும் கூடையும், கையில் மண்வெட்டியுமாக வந்தார். உதிர்ந்த பிட்டே அவருக்குக் கூலியாயிற்று.

நகரின் கரை முழுவதும் அடைபட்டும் ஒரு கிழவியின் பங்கு திறந்திருந்தால் வெள்ளம் அவ்வழியே புகுந்துவிடும். சிறியவர் பங்கு என்பதற்காக வெள்ளம் விலகிப் போவதில்லை. பணி செய்யாது விளையாடிய கூலியாளைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் உட்பட எல்லா உயிர்கள் மேலும் பட்டது. ஒருவர்க்குச் செய்தது அனைவரையும் சாரும் என்பதை இதனினும் தெளிவாக எவ்வாறு உணர்த்துவது?

இது கதையளவில் நின்றதன்று. ஏரி, கால்வாய்களை ஊரார் கூடித் தூர்வாரிக் கரைகட்டும் குடிமராமத்து நம் நாட்டின் நெடுநாள் வழக்கம். 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றும் அதனை ஏற்றுக்கொண்டது. உழைப்பின் சுமை எளியோர் தலையில் மட்டும் விழுந்த குறையும் அவ்வழக்கில் உண்டு. 2017இல் தமிழக அரசு அப்பெயரிலேயே ஏரி, குளங்களைச் சீர்செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. பெயர் மீண்டது போதாது. யாவரும் பங்கேற்கும் உணர்வும் மீள வேண்டும்.

மண் சுமப்பது ஒரு பங்கு என்றால், கூடி முடிவெடுப்பது மற்றொரு பங்கு. திருநெல்வேலிக்கு வடக்கே உள்ள மானூரில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாண்டியர் கல்வெட்டு ஒன்று ஊர்ச்சபையின் விதிகளைக் கூறுகின்றது. சபையில் வரும் ஒவ்வொன்றுக்கும் ‘அன்று, அன்று’ என மறுத்து இடையூறு செய்வோர்க்கு ஐந்து காசு தண்டம் என்பது அவற்றுள் ஒன்று. அச்சபையில் நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே இடம் இருந்தது. இன்றோ, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஆணும் பெண்ணும் கிராம சபையின் உறுப்பினர். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை அது கூடுகின்றது. நகர்ப்புறத்தார்க்கு 2022 முதல் பகுதி சபைகள் உள்ளன. ஆறுகளைக் காத்தல் குடிமக்களின் அடிப்படைக் கடமை என 1976இல் அரசியலமைப்பிலும் சேர்க்கப்பட்டது. ஒருகாலத்தில் சிலர்க்கே உரியதாயிருந்த இருக்கை எல்லார்க்கும் கிடைத்தபின், அதனை வெறுமையாக விட்டுவைப்பது முறையாகுமா?

நம் மக்களுக்கு இவ்வுணர்வு புதியதன்று. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பெருமழையில் பொருநை கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே அகப்பட்டனர். அருகிலுள்ள புதுக்குடி ஊரார் தம்மிடம் இருந்த அரிசியைக் கொண்டு சமைத்து அவர்களின் பசி தீர்த்தனர். யாரும் ஏவவில்லை. அவர்கள் தம் பங்கைத் தாமே அறிந்துகொண்டார்கள். பேரிடரில் எழுந்த அவ்வுணர்வு எல்லா நாட்களிலும் நம்மிடம் நிலைத்திருக்க வேண்டும்.

ஆகவே அன்பர்களே! நீராடிய ஆடையைப் பிழிந்து வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். அறியாது ஆற்றில் விட முனைவாரைக் கடிந்து பேசாது, கைகூப்பித் தடுத்துச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ச் சாக்கடை எங்கே சென்று கலக்கின்றது என்று சபையில் எழுந்து கேளுங்கள். தீர்மானம் எழுதப்படும்வரை அமர்ந்திருங்கள். அடுத்த கூட்டத்திலும் அதனை நினைவூட்டுங்கள். திருநாவுக்கரசர் பாடியதோடு அமையாது, உழவாரம் ஏந்திக் கோயில்தோறும் புல்லும் முள்ளும் களைந்தார். நாவின் தொண்டும் கையின் தொண்டும் அவரிடம் பிரியாதிருந்தன. நம்மிடமும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

உலகம்மை சந்நிதியில் உள்ள உரலில் தாய்மார்கள் மஞ்சள் இடிக்கின்றார்கள். ஒவ்வொருவரும் இடிப்பது ஒரு கைப்பிடிதான். எல்லார் மஞ்சளும் சேர்ந்தே அம்மைக்குத் திருமஞ்சனம் ஆகின்றது. ஊர்ப்பணியும் அத்தகையதே. நம் கைப்பிடியை நாம் குறையாது இடுவோமாக. உலகம்மையும் பாபவிநாசப் பெருமானும் அதற்குத் துணைநிற்பார்களாக!

திருச்சிற்றம்பலம்