நான்கு நிறங்களில் ஓர் உடல்

நார்வே ஓவியர் ஒட் நெர்ட்ரும் 1944இல் பிறந்தவர். ஆஸ்லோ கலைக்கழகத்துக்கு அவர் படிக்கப் போன காலத்தில் அருவ ஓவியமே அரசோச்சியது. மனித உடலை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவது காலாவதியான வேலை என்று பேசப்பட்டது. அவரோ பழைய ஓவியர்களான ரெம்பிராண்ட்டையும் காரவாஜியோவையும் தேடிப் போனார். அவர்களின் கைப்பக்குவத்தைச் சொல்லித்தர ஆள் இல்லை. ஓவியங்களே ஆசான்களாயின.

நெர்ட்ருமின் வண்ணத்தட்டில் அடிப்படை நான்குதான்: வெள்ளை, மஞ்சள் காவி, சாதிலிங்கச் சிவப்பு, கறுப்பு. பண்டைய கிரேக்க ஓவியர் அப்பெல்லஸின் பெயரால் வழங்கும் வரிசை இது. இதில் நீலம் கிடையாது. ஆனால் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலைச் சிவந்த தோலுக்குப் பக்கத்தில் வைத்தால், கண் அதை நீலமாகவே காணும்; மணிக்கட்டின் நரம்பு அப்படித்தான் பிறக்கிறது. இல்லாத நிறத்தை இருக்கும் நிறங்களால் வரவழைப்பதே இந்த மரபின் உச்சம்.

பழைய முறை என்றால் பழைய கதை என்று பொருளல்ல. ஜெர்மானியத் தீவிரவாதி ஆந்திரியாஸ் பாடர் 1977இல் சிறையில் இறந்தார். தற்கொலை என்றது அரசு. கொலை என்றே தலைப்பிட்டு, காரவாஜியோவின் இருளும் ஒளியும் மோத, அந்தச் சாவைப் பெருங்கித்தானில் தீட்டினார் நெர்ட்ரும். அன்றைய செய்தித்தாள் நிகழ்வுக்குத் தேவாலய ஓவியத்தின் கனம் வந்து சேர்ந்தது.

1998இல் ஆஸ்லோவில் நடந்த தம் கண்காட்சியின்போது, தாம் கலைஞர் அல்லர், 'கிட்ச்' ஓவியர் என்று அறிவித்தார். மலிந்த ரசனையைக் குறிக்கும் வசைச்சொல் அது. நவீனக் கலை ஒதுக்கிய உணர்ச்சியும் கைத்திறனும் அந்தச் சொல்லுக்குள்தான் தஞ்சமடைந்தன என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு.

அறுந்த மரபை மீட்பதற்கு விலையும் உண்டு. 1980களில் அவர் மாஸ்டிக் பிசினையும் ஆளிவிதை எண்ணெயையும் சேர்த்து ஒரு கலவை செய்து பார்த்தார். எண்ணெய் காற்றுப்பட இறுகும். பிசினோ சூட்டில் இளகும். வாங்கியவர் வீட்டுச் சுவரில் சில ஓவியங்கள் வழியத் தொடங்கின. அவற்றுக்கு மாற்றாக அவர் மறுபடி வரைந்து கொடுக்க வேண்டியிருந்தது. பழைய பட்டறைகளில் குரு பார்த்துத் தடுத்திருக்கக்கூடிய பிழை அது.

பின்னாளில் நெர்ட்ருமே அந்தக் குருவின் இடத்துக்கு வந்தார். பல நாட்டு இளைஞர்கள் அவரோடு தங்கி, உயிருள்ள மாதிரியை எதிரே நிறுத்தி, அவர் அருகிலிருந்து பார்க்க வரைந்து பழகினார்கள்.