உயர்வு வரட்டும், கணக்கு முடியாது



தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் அரசு மருத்துவமனைச் செவிலியர்களின் முன்னால் ஓர் ஊதிய உயர்வு வைக்கப்பட்டால், அதை எதைக் கொண்டு எடைபோடுவது? இந்த ஒரே கேள்வியைப் பேசத்தான் வந்திருக்கிறேன். எத்தனை ஆயிரம் ஏறும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறோம். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இருக்கும்போது அப்படிக் கேட்பவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டால் ஏமாந்துபோவோம். அந்தத் தொகை எந்த விதியின்படி வருகிறது? விலைவாசி ஏறும்போது தானாக ஏறுமா, அல்லது மறுபடியும் கொளுத்தும் வெயிலில் தெருவில் வந்து உட்கார்ந்தால்தான் ஏறுமா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாத உயர்வை நாம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதோடு கோரிக்கை முடிந்தது என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

கடந்த பத்தாண்டுகளின் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 7,243 செவிலியர் இடங்களுக்குப் போட்டித் தேர்வு நடத்தியது. தேர்வானவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டுகள் பணியாற்றினால் காலமுறை ஊதியத்துக்கு வந்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் பெண்கள் கைக்குழந்தையோடு ஊர்விட்டு ஊர் போய் வேலையில் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டுகள் முடிந்தன, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு 7,700 ரூபாய் 14,000 ஆனது. 2022-இல் அது 18,000 ஆனது. இடையில் ஒரு பகுதியினர் காலியிடங்களுக்கு ஏற்பப் படிப்படியாக நிரந்தரம் செய்யப்பட்டார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வரிசையில் மிஞ்சியவர்களுக்கு நடந்தது என்ன? கோரிக்கை காலமுறை ஊதியம், கிடைத்தது தொகுப்பூதிய உயர்வு. கேட்டது உரிமை, வந்தது தொகை. ஒவ்வொரு உயர்வும் நம் குரலைச் சில ஆண்டுகளுக்கு அடக்கி வைப்பதற்கான விலையாகவே வந்திருக்கிறது என்று நான் வெளிப்படையாகவே குற்றம் சாட்டுகிறேன்.

அந்த 18,000 ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படி 2022 ஜனவரியில் அடிப்படைச் சம்பளத்தில் 34 விழுக்காடு. 2025 ஜூலையில் அது 58 விழுக்காடு. மாநில அரசும் தன் ஊழியர்களுக்கு அதே அளவையே பின்பற்றுகிறது. அதாவது நிரந்தர ஊழியருக்கு அடிப்படையும் படியும் சேர்ந்து 134 ரூபாயாக இருந்தது 158 ரூபாயாகிவிட்டது. இதற்காக அவர் கொடி பிடிக்கவில்லை, மனுக் கொடுக்கவில்லை, விதி தன் வேலையைச் செய்தது. அதே விதி தொகுப்பூதியத்துக்கும் இருந்திருந்தால் 18,000 ரூபாய் இன்று 21,200 ரூபாயைத் தாண்டியிருக்கும். கவனியுங்கள், இது உயர்வே இல்லை. 2022-இல் வாங்கிய அரிசியையும் எண்ணெயையும் அதே அளவில் இன்றும் வாங்குவதற்கு வேண்டிய தொகை. ஆகவே நாளைக்கே யாராவது மூவாயிரம் ஏற்றித் தருகிறோம் என்று சொன்னால், இழந்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறோம் என்றுதான் அதற்குப் பொருள். ஆண்டு ஊதிய உயர்வும் ஈட்டிய விடுப்பும் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. மகப்பேறு விடுப்புக்குக்கூட ஒப்பந்தச் செவிலியர்கள் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. பிரசவம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட பெண்களுக்கு இந்த நிலை!

வேலையில் வேறுபாடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பிரசவ வார்டின் இரவு டூட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுக் குறிக்க வேண்டும். பார்டோகிராஃபில் கோடு எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்ஸிடோசின் டிரிப் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ண வேண்டும். குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால் டாக்டர் வந்து சேர்வதற்குள் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்ய வேண்டும். காலையில் கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைக்க வேண்டும். டூட்டி ரோஸ்டரில் தொகுப்பூதியத்துக்கென்று தனிக் கட்டம் கிடையாது. தவறு நடந்தால் வரும் விளக்கம் கேட்கும் கடிதத்தில் உனக்குப் பாதிச் சம்பளம், அதனால் பாதிப் பொறுப்பு என்று யாரும் எழுதுவது கிடையாது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவின் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 28, தமிழ்நாட்டில் 13. எந்த ஆட்சி வந்தாலும் மேடைக்கு மேடை பெருமையோடு சொல்லும் எண்கள் இவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்ஸ்கள் மாறி மாறி இருபத்து நான்கு மணி நேரமும் கண்விழித்ததால் வந்த எண்கள் இவை.

சட்டம் என்ன சொல்கிறது? சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியல் சாசனத்தின் 39-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசுக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவியின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சத்தைத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் தெரிந்துதானே கையெழுத்துப் போட்டாய் என்று நம்மிடம் கேட்கிறார்களே, அதற்கும் அந்தத் தீர்ப்பிலேயே பதில் இருக்கிறது. குறைந்த கூலிக்கு ஒருவர் ஒப்புக்கொள்வது விருப்பத்தால் அல்ல, குடும்பத்துக்குச் சோறு போட வேண்டிய கட்டாயத்தால் என்று நீதிபதிகள் விளக்கினார்கள். இன்னொன்றும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் 2016-இல் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் ஊதியத்தை ஆராய்ந்தது. ஐம்பது படுக்கைக்கும் குறைவான சிறிய நர்சிங் ஹோமில்கூட இருபதாயிரத்துக்குக் குறைந்து தரக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, ஒரு மாநில அரசு தன் மருத்துவமனையில் நிர்ணயித்தது 18,000. தனியாருக்கு வழிகாட்ட வேண்டிய அரசு தனியாருக்கும் கீழே போய் நிற்கலாமா?

உமாதேவி தீர்ப்பு இருக்கிறதே என்பார்கள். 2006-இல் வந்த அந்தத் தீர்ப்பு, தேர்வு நடைமுறையே இல்லாமல் பின்வாசல் வழியாக வந்தவர்களை நிரந்தரமாக்குவதைத் தடுத்தது. விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து, போட்டித் தேர்வு எழுதி, இனச்சுழற்சிப்படி தேர்வானவர்களை எந்தக் கணக்கில் பின்வாசலில் சேர்ப்பீர்கள்? 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றமே, நீண்ட காலம் உழைத்தவர்களின் உரிமையை மறுக்க உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது.

கஜானா காலி என்பது இன்னும் கனமான மறுப்பு. அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை, கணக்குப் போடுவோம். எட்டாயிரம் பேர் தொகுப்பூதியத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் மாதம் நாற்பதாயிரம் ரூபாய் கூடுதலாகத் தர வேண்டும் என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 384 கோடி ரூபாய் ஆகிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கப்பட்டது 21,906 கோடி. இரண்டு விழுக்காடுகூட வரவில்லை. இந்தச் சம்பளத்துக்கான தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் பணத்தில் அறுபது விழுக்காடு மத்திய அரசு தர வேண்டியது, அவர்கள் இழுத்தடிக்கிறார்கள் என்று மாநில அரசு சொன்னால், அதற்கு நம் பதில் இதுதான்: அந்தச் சண்டையை டெல்லியோடு போடுங்கள், நாங்களும் உங்கள் பக்கம் நிற்கிறோம். பணி ஆணையில் கையெழுத்திட்டது நீங்கள், டூட்டி போடுவது நீங்கள், இடமாற்றம் செய்வதும் நீங்கள். சம்பளம் என்றதும் மட்டும் வேறு ஒருவரைக் கைகாட்டுவது முதலாளிக்கு அழகில்லை.

இனி நம் பக்கத்திலிருந்தே வரும் குரலுக்கு வருகிறேன். அதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. வருவதை வாங்கிக்கொள்வோம், வெளியே வேலையில்லாமல் ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் நிற்கிறார்கள், நாம் முரண்டு பிடித்தால் நம் இடம் போய்விடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். பெருந்தொற்றுக் காலத்தில் சேர்க்கப்பட்ட 2,472 செவிலியர்களின் வேலை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிக்கப்பட்டதை எல்லோரும் பார்த்தோம். கவச உடைக்குள் வியர்த்து நின்றவர்களுக்கே அந்தக் கதி. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? நிரந்தரமின்மையிலிருந்து. அதை அப்படியே விட்டுவிட்டுத் தொகையை மட்டும் ஏற்றினால், அதே பயம் கொஞ்சம் கூடுதல் சம்பளத்தோடு தொடரும், அவ்வளவுதான். வெளியே நிற்கும் நர்ஸ் நமக்குப் போட்டியும் இல்லை. பதவி நிரந்தரமானால் அவருக்கும் நாளை நல்ல வேலை கிடைக்கும்.

நாம் போராட்டத்தில் இறங்கினால் நோயாளிகள் என்ன பாவம் செய்தார்கள் என்ற கேள்வி நியாயமானது. அவசர சிகிச்சைப் பிரிவும் பிரசவ அறையும் தீவிர சிகிச்சை வார்டும் ஒரு நிமிடம்கூட ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது. இதில் சங்கத்துக்குள் இரண்டு கருத்து இருக்கக் கூடாது என்பது என் திடமான எண்ணம். அதே சமயம், அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாத நர்ஸையும், வெளிநாட்டு வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் நர்ஸையும் வைத்துக்கொண்டு எந்த வார்டை நன்றாக நடத்த முடியும்? அனுபவப்பட்ட கைகள் வார்டை விட்டுப் போவதுதான் நோயாளிக்கு நேரும் பெரிய இழப்பு.

ஆகவே, உயர்வு அறிவிக்கப்பட்டால் தொகையை வாங்கிக்கொள்ளுங்கள், அது நாம் உழைத்த பணம். ஆனால் அரசாணையை முழுதாகப் படியுங்கள். ஊதிய விகிதம் என்ற சொல் அதில் இருக்கிறதா, அகவிலைப்படியோடு இணைத்திருக்கிறார்களா, எந்தத் தேதிக்குள் யார் யார் நிரந்தரமாவார்கள் என்று பணிமூப்புப் பட்டியலோடு சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். இவை இல்லையென்றால், இதற்கு மேல் கோரமாட்டேன் என்றோ, வழக்கை வாபஸ் வாங்குகிறேன் என்றோ எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். உரிமைகளுக்குப் பங்கமின்றிப் பெற்றுக்கொள்கிறேன் என்ற ஒரு வரியை உங்கள் கைப்படவே எழுதி, அதன் கீழே கையெழுத்திடுங்கள். நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அன்றைக்கே மாவட்டச் செயலாளரிடம் தெரிவியுங்கள், மீதியைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.