ஓய்வும் ஒரு மருந்துதான்

(மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாரடைப்பைப் பற்றி உங்கள் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் என்று காரணங்களை நீங்களே அடுக்கிவிடுவீர்கள். இன்று நான் பேச வந்தது வேறொரு இதய நோய் பற்றி. சர்க்கரை கிடையாது, கொழுப்பு கிடையாது, வயதும் இருபத்தைந்துதான். ஆனால் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இதயம் பலவீனப்பட்டுவிடுகிறது. இதை இதயத் தசை அழற்சி என்கிறோம். மருத்துவமனைச் சீட்டில் மயோகார்டைட்டிஸ் என்று எழுதியிருக்கும்.

இதயம் என்பது ஓயாமல் இயங்கும் ஒரு தசை. சில வைரஸ்கள் அந்தத் தசைக்குள் புகுந்துவிடுகின்றன. அவற்றை விரட்ட உடலின் எதிர்ப்புச் சக்தி போராடுகிறது. அந்தப் போராட்டத்தில் தசையும் சேர்ந்து வீங்கிப் புண்படுகிறது. தொண்டையையும் வயிற்றையும் தாக்கும் காக்சாக்கி, அடினோ போன்ற வைரஸ்கள், ஃப்ளூ, கொரோனா, மழைக்காலத்தில் நம்மைப் பாடாய்ப்படுத்தும் டெங்கு, எதிலும் இது வரலாம். பயப்பட வேண்டாம். காய்ச்சல் வந்தவர்களில் மிகச் சிலருக்கே இப்படி ஆகிறது. அந்தச் சிலரை நாம் கண்டுகொள்ளத் தவறக்கூடாது, அவ்வளவுதான்.

எப்படிக் கண்டுகொள்வது? காய்ச்சல், சளி அல்லது வயிற்றுப்போக்கு வந்த சில நாட்களிலோ, ஓரிரு வாரங்களிலோ நெஞ்சு வலித்தால் கவனியுங்கள். வழக்கமாக ஏறும் மாடிப்படியில் மூச்சு வாங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், படபடப்பு வந்தால், கால் வீங்கினால், மயக்கம் போட்டால் தாமதிக்காதீர்கள். கைக்குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது. பால் குடிக்கும்போதே வியர்த்துக் களைத்துப் போவது, வேகமாக மூச்சு விடுவது, தொடர்ந்து வாந்தி எடுப்பது ஆகியவை அடையாளமாக இருக்கலாம். இதை "வாயு" என்று சொல்லிச் சோடா குடிப்பதும், மெடிக்கலில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நைட் ஷிப்டுக்குப் போவதும் ஆபத்து. நெஞ்சுவலியோடு சென்னைக்கு மின்சார ரயில் ஏறாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் முதலில் ஈ.சி.ஜி. எடுக்கட்டும். "இரண்டு வாரத்துக்கு முன்னால் காய்ச்சல் இருந்தது" என்பதை நீங்களாகவே டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வரி நோயைக் கண்டுபிடிக்கப் பெரிதும் உதவும்.

ஈ.சி.ஜி.யில் இது சில சமயம் மாரடைப்பு மாதிரியே தெரியும். அதனால் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் எக்கோ ஸ்கேனும் செய்வார்கள். தேவைப்பட்டால் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க ஆஞ்சியோகிராமும், இதயத்துக்கான எம்.ஆர்.ஐ.யும் எடுப்பார்கள்.

இனி சிகிச்சை. இந்த வைரஸ்களில் பெரும்பாலானவற்றைக் கொல்ல நேரடி மருந்து இல்லை. ஆன்டிபயாடிக் வைரஸிடம் வேலை செய்யாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் எல்லோருக்கும் உதவுமா என்று 111 நோயாளிகளிடம் செய்த அமெரிக்க ஆய்வு 1995-இல் வெளிவந்தது. பொதுவாகக் கொடுப்பதால் கூடுதல் பலன் இல்லை என்று தெரிந்தது. சில வகை அழற்சிக்கு மட்டும் இதய நிபுணர் அதைக் கொடுப்பார். ஆகவே காய்ச்சலுக்கு "ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று கேட்டு வாங்காதீர்கள். டைக்ளோபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளையும் டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள்.

அப்படியானால் என்னதான் செய்கிறோம்? இதயத்தின் சுமையைக் குறைக்கிறோம். நீர் கோர்த்திருந்தால் சிறுநீராக வெளியேற்ற மருந்து, ரத்தக்குழாயைத் தளர்த்த மருந்து, துடிப்பைச் சீராக்க மருந்து தருகிறோம். மிக மோசமானவர்களுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் எக்மோ கருவி சில நாட்கள் இதயத்தின் வேலையைப் பார்க்கும். அந்தக் கண்டத்தைத் தாண்டியவர்களில் பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். தசை தானாக ஆறுவதற்கு அவகாசம் தேவை. அந்த அவகாசத்தின் பெயர்தான் ஓய்வு.

1970-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காக்சாக்கி வைரஸ் தொற்றிய எலிகளை நீந்த வைத்துப் பார்த்தார்கள். சும்மா விட்ட எலிகளைவிட அவற்றின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியது. அழற்சி இருக்கும்போது உடலை வருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அணிக்கு ஆடும் அல்போன்சோ டேவிஸை இளைஞர்கள் அறிவீர்கள். 2022 ஜனவரியில் கொரோனாவுக்குப் பிறகு அவருக்கு லேசான இதயத் தசை அழற்சி இருப்பது தெரிந்தது. உடனே ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஏப்ரலில்தான் மறுபடி களமிறங்கினார்.

பொதுவாக 3 முதல் 6 மாதம் கடினமான வேலையும் விளையாட்டும் கூடாது. மறுபடி எக்கோ எடுத்து, டாக்டர் சொன்ன பிறகே வேலைக்குப் போக வேண்டும். உட்கார்ந்து தொழவும் நோன்பைத் தள்ளிவைக்கவும் நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. வெட்கப்படாமல் அதைப் பயன்படுத்துங்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். இதயம் பெரிதாகி நிரந்தரமாகப் பலவீனப்படும் அபாயம் அதில் இருக்கிறது.

சிப்காட்டில் உலையருகே நிற்பவரும் லோடு ஏற்றுபவரும் என்னிடம் கேட்பார்கள்: "மூணு மாசம் உட்கார்ந்தா வீட்டு வாடகை யார் சார் கொடுப்பாங்க?" நியாயமான கேள்வி. டேவிஸுக்கு அணி இருந்தது. உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் அது உண்டு. சந்தா முறையாகக் கட்டப்பட்டிருந்தால், ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அந்தப் பணம் பெறும் காலத்தில் வேலையிலிருந்து நீக்கவும் முதலாளிக்கு அனுமதி இல்லை. ஈ.எஸ்.ஐ. இல்லாத குடும்பங்கள், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள். அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவும். ஆனால் வீட்டில் அடுப்பெரிய அது உதவாது.

அதனால்தான் ஜமாஅத் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆபரேஷனுக்கு என்று கேட்டு வந்தால் நாம் தயங்காமல் கொடுக்கிறோம். ஓய்வுக்கு என்று கேட்டு வந்தால், "ஆள் நல்லாத்தானே இருக்கான்" என்று யோசிக்கிறோம். இந்த நோயில் ஆள் வெளியே நன்றாகத்தான் தெரிவார், உள்ளே புண் ஆறிக்கொண்டிருக்கும். அந்த மூன்று மாதத்துக்கு அரிசி, பருப்பு, வாடகை கொடுப்பதும் மருந்து வாங்கிக் கொடுப்பதும் ஒன்றுதான். டாக்டர் சீட்டில் "ஓய்வு" என்று எழுதியிருந்தால் அதையும் ஒரு மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலுள்ள தாய்மார்களும் பிள்ளை பாதியில் வேலைக்குக் கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள்.