31 தரங்களும் 500 விதிகளும்



இந்த மாநாட்டுத் தலைவர் நாற்காலியில் எனக்கு முன் அமர்ந்தவர்களை நினைத்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது. பேச்சு நீண்டால் மணியடிக்கும் பொறுப்பு என் பழைய மாணவரிடம் இருப்பது ஒன்றே தைரியம்.

மாநாட்டின் பொருள், முதியோர் பராமரிப்பு இல்லங்களின் தரமும் கண்காணிப்பும். அமெரிக்காவின் 1987ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தையோ, 2008இல் வந்த ஐந்து நட்சத்திர மதிப்பீட்டையோ இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவற்றைப் பற்றிய கட்டுரைகள் அமர்வுகளில் வரிசையாக நிற்கின்றன. நான் நம்மிடையே நெடுநாளாகப் புகைந்துகொண்டிருக்கும் ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். சோதனைப் பட்டியலில் விதிகள் கூடக் கூட நடுநிலையும் கூடுமா?

கூடும் என்பது நம்மில் பலர் கட்சி. ‘கண்ணியம் காக்கப்படுகிறதா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், கட்டிலுக்குக் கட்டில் எத்தனை அடி என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்’ என்று முன்பொரு மாநாட்டில் நண்பர் ஒருவர் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அவர் இன்றும் முன்வரிசையில் இருக்கிறார். அவருடைய அடிக்குறிப்புகளின் செழுமை நாடறிந்தது. அவற்றில் ஜான் பிரெய்த்வெய்ட், வலெரி பிரெய்த்வெய்ட், டோனி மக்காய் என்னும் ஆய்வாளர் மூவர் பெயரை மட்டும் நான் கண்டதில்லை.

1987இல் ஆஸ்திரேலியா தன் இல்லங்களுக்கு 31 தரங்களை வகுத்தது. வீட்டுச் சூழல், அந்தரங்கம், கண்ணியம், விருப்பப்படி நடக்கும் உரிமை என்று எல்லாமே அகலமானவை. அமெரிக்கக் கூட்டரசின் பட்டியலிலோ அப்போது 500க்கு மேற்பட்ட விதிகள். எங்கே முடிவுகள் ஒத்துப்போகும் என்று கேட்டால் எவரும் அமெரிக்காவைத்தான் காட்டுவார்கள். இரு நாட்டுச் சோதனைகளையும் ஆராய்ந்த அந்த மூவரும் கண்டது நேர்மாறு. ஆஸ்திரேலியாவில் ஒரே இல்லத்தைத் தனித்தனியே மதிப்பிட்டவர்களின் முடிவுகள் வியக்கும்படி நெருங்கி வந்தன.

காரணம் எளிது. 500 விதிகளை எந்த அதிகாரியும் மனத்தில் வைத்துக்கொண்டு நடக்க முடியாது. செவிலியராக இருந்தவர் படுக்கைப்புண்ணைத் தேடுவார். சுகாதாரத் துறையிலிருந்து வந்தவர் சமையலறைக் குளிர்பெட்டியைத் திறப்பார். அவரவருக்குப் பழகிய விதிகள் மட்டும் உயிரோடிருக்கும், மற்றவை தூங்கும். 31 தரம் என்றால் ஒன்றையும் தாண்டிப் போக முடியாது. குழு கூடி உட்கார்ந்து, முதியவர் சொன்னது இது, ஊழியர் சொன்னது இது என்று வாதாடியே முடிவுக்கு வரவேண்டும்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. இருவர் ஒத்துப்போவதால் இருவரும் சரி என்று ஆகிவிடாதே? உண்மைதான். ஆனால் நடுநிலை என்ற பெயரில் விதிகளைப் பெருக்கியவர்கள் வாக்களித்ததே இந்த ஒற்றுமையைத்தான். அதையே தர முடியாத பட்டியல், அதற்கு மேல் எதைத் தரும்?

இன்னொரு மறுப்பு ஓக்டன். தென் ஆஸ்திரேலிய அரசே அடிலெய்டில் நடத்திய முதியோர் மனநல இல்லம் அது. தரச்சான்று கையில் இருக்கும்போதே உள்ளே கொடுமை நடந்தது, 2017இல் மூடப்பட்டது. அகலமான தரங்களின் லட்சணம் இதுதான் என்று நம்மவர் சிலர் எழுதினார்கள். தேதியைப் பார்த்திருக்கலாம். அந்த 31 தரங்களின் காலம் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்துவிட்டது. பின்னர் வந்த முறையில் சான்றைப் புதுப்பிக்கும் சோதனை முன்னறிவிப்போடு நடந்தது. வருகிற நாள் தெரிந்தால் எந்த இல்லத்துக் கோப்பும் பளபளக்கும். ஓக்டனுக்குப் பிறகு, 2018இல்தான், அந்தச் சோதனையைச் சொல்லாமல் போய்ச் செய்யத் தொடங்கினார்கள். தோற்றது முன்னறிவிப்பும் காகித நம்பிக்கையும். தரங்களின் அகலத்தின் மீது பழி போடுவது நியாயமில்லை.

நட்சத்திரங்களைக் கூட்டிக் கழித்து ஆய்வேடு எழுதும் இளையவர்களிடம் ஒன்று கேட்பேன். அமெரிக்கச் சோதனை முடிந்ததும் எழுதப்படும் 2567 என்ற படிவத்தைப் படித்திருக்கிறீர்களா? எவரும் பார்க்கலாம், பார்ப்பவர்தான் குறைவு. இடப்பக்கம் அதிகாரி கண்ட குறை. பெயர் இருக்காது, எண்தான். ஆனாலும் அழைப்புமணியை அழுத்திவிட்டுக் காத்திருந்தவரின் சொற்கள் அங்கே இருக்கும். வலப்பக்கம் இல்லத்தார் செய்யப்போகும் திருத்தம். அந்த வலப்பக்கத்தைத் தொடர்ந்து படித்தால் சலிக்கும்: ஊழியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது. படுக்கைப்புண்ணுக்கும் மறுபயிற்சி, மாத்திரை மாறியதற்கும் மறுபயிற்சி. இரவில் ஆள் போதாமல் விளைந்த குறைக்கும் அதே மருந்து. இந்தச் சடங்கைத்தான் பிரெய்த்வெய்ட் இருவரும் மக்காயும் 2007இல் வெளியிட்ட நூலில் கண்டித்தார்கள்.

இதையெல்லாம் நான் சொல்வதற்கு உள்நோக்கம் உண்டு. நம் இந்தியாவின் 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 19ஆவது பிரிவு, முதியோர் இல்லங்களின் நிர்வாகத்துக்கும் சேவைத் தரத்துக்கும் மாநில அரசுகள் திட்டம் வகுக்க இடம் தருகிறது. அதையொட்டி அரசுக்கு அனுப்பவேண்டிய மாதிரிச் சோதனைப் பட்டியலின் வரைவு உங்கள் பைகளில் இருக்கிறது. கழிப்பறைக் கதவின் அகலம் முதல் பதிவேட்டு அட்டையின் நிறம் வரை எல்லாம் அதில் உண்டு. சோதிக்க வருபவர் முதியவர்களோடு, நிர்வாகி பக்கத்தில் இல்லாமல், உட்கார்ந்து பேசவேண்டும் என்ற வரி மட்டும் இல்லை.

தலைவர் நடுநிலை வகிக்கவேண்டும் என்பது மரபு. மன்னியுங்கள், நாளை மாலை அந்த வரைவுக்கு நான் ஒரு திருத்தம் கொண்டுவரப்போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். முதல் அமர்வு தொடங்கட்டும்.